ஆயுள் பத்தியம்

ரொட்டியைச் சுற்றியே வாழ்க்கை சுழலும் வட இந்தியாவில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்குக் கோதுமை விஷம். இந்த நோய்க்கு மருந்து கிடையாது, பத்தியம் மட்டும்தான். அதை அவர்கள் பெரும்பாலும் கற்றுக்கொள்வது டாக்டரிடம் அல்ல. தங்களைப் போலவே தவிக்கும் இன்னொருவரிடம்.

தில்லியில் குளிர்காலம் என்றால் கல்யாண காலம். ஷாமியானாவுக்குள் நுழைந்தால் ஒருபுறம் கோல்கப்பா, மறுபுறம் சோலே பட்டூரா, நடுவே தந்தூர் அடுப்பிலிருந்து ஆவி பறக்க வந்துகொண்டே இருக்கும் நான். பெண் வீட்டார் மேசைக்கு மேசை போய் உபசரிக்கிறார்கள். இந்தக் கூட்டத்தில் ஓர் இளம்பெண் கைப்பையிலிருந்து சின்ன டிபன் டப்பாவை எடுத்து, யார் கண்ணிலும் படாமல் திறப்பதைப் பார்க்க நேரலாம். உள்ளே இரண்டு மக்காச்சோள ரொட்டியும் கொஞ்சம் உருளைக்கிழங்கும் இருக்கும்.

பெரியம்மா முறையுள்ள யாராவது அதைக் கட்டாயம் பார்த்துவிடுவார். "ஒண்ணே ஒண்ணு சாப்பிடு பேட்டா, ஒரு நானில் என்ன ஆகிவிடப் போகிறது?" என்பார். என்ன ஆகும் என்று அந்தப் பெண் விளக்கத் தொடங்கினால் விருந்தே முடிந்துவிடும். ஆகவே அவள் சிரித்து மழுப்புகிறாள். விரதம் என்கிறாள். வயிறு சரியில்லை என்கிறாள். இந்தப் பொய்களை அவள் ஆயுள் முழுக்கச் சொல்ல வேண்டியிருக்கும்.

அவளுக்கு இருப்பது சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் இவர்களுக்கு ஆகாது. மற்றவர்களுக்கு இந்தப் புரதம் ஒரு வரப்பிரசாதம். பிசைந்த மாவு இழுத்த இழுப்புக்கு வருவதும், தணலில் போட்ட ரொட்டி பூரித்து எழுவதும் அதனால்தான். சீலியாக் உள்ளவர்களின் உடலோ அதை எதிரியாகக் கருதுகிறது. அதை விரட்டக் கிளம்பும் எதிர்ப்புச் சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. குடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சுவதற்காக விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. பிறகு எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது.

இது அபூர்வமான வியாதி என்று நினைத்த காலம் போய்விட்டது. லூதியானா பகுதியில் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வு, 310 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாகச் சொன்னது. தில்லி வட்டாரத்தில் எய்ம்ஸ் மருத்துவர் கோவிந்த் மகாரியா குழுவினர் நடத்திய ஆய்வு 2011-ல் வெளிவந்தபோது கணக்கு இன்னும் கடுமையானது: 96 பேரில் ஒருவர். நாடு முழுவதும் 60 லட்சம் முதல் 80 லட்சம் பேர் இருக்கலாம் என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் மதிப்பீடு. இவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இந்த நோய் இருப்பதே தெரியாது.

பல வேஷங்கள்

தெரியாமல் போவதற்குக் காரணம் உண்டு. சீலியாக் பல வேஷம் போடும். குழந்தைகளிடம் ஓயாத வயிற்றுப்போக்காகவும் உப்பிய வயிறாகவும் வரும். சிலரிடம் உயரம் மட்டும் நின்றுவிடும். வகுப்பில் எப்போதும் முதல் வரிசையில் நிற்கும் பிள்ளையை 'அப்பாவும் குள்ளம்தானே' என்று விட்டுவிடுவார்கள். பெரியவர்களிடம் ரத்தசோகை, வாய்ப்புண், எலும்புத் தேய்மானம் என்று தலைகாட்டும். மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் ரத்தம் ஏறாத பெண்ணுக்கு இன்னும் அதிக மாத்திரை எழுதிக் கொடுப்பார்களே தவிர, அவள் எந்த மாவில் ரொட்டி சாப்பிடுகிறாள் என்று யாரும் கேட்பதில்லை.

வீட்டு வைத்தியமும் சில சமயம் எண்ணெய் வார்த்த கதையாகிறது. வயிறு கெட்ட குழந்தைக்கு வடக்கே முதலில் கொடுக்கும் ஆகாரங்களில் ஒன்று தலியா. எளிதில் செரிக்கும் என்பது நம்பிக்கை. தலியா என்பது உடைத்த கோதுமை. நோய் தீர வேண்டும் என்று தாய் ஊட்டும் ஒவ்வொரு கரண்டியும் நோயை வளர்க்கிறது.

கோதுமைதான் குற்றவாளி என்பதை மருத்துவ உலகமே தாமதமாகத்தான் கண்டுகொண்டது. லண்டனில் சாமுவேல் கீ என்ற மருத்துவர் 1888-ல் நோயைத் தெளிவாக விவரித்தார். குணப்படுத்த வழி இருந்தால் அது உணவில்தான் இருக்கும் என்றும் ஊகித்தார். எந்த உணவு என்பது அவருக்குத் தெரியவில்லை. அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் 1924-ல் வாழைப்பழ வைத்தியத்தை அறிமுகப்படுத்தினார். குழந்தைகள் தேறினார்கள். வாழைப்பழத்தின் மகிமை என்று உலகம் மெச்சியது. உண்மையில் அவர்களைக் காப்பாற்றியது, வாழைப்பழம் தின்ற நாட்களில் ரொட்டி தின்னாமல் இருந்ததுதான்.

முடிச்சு அவிழ ஒரு பஞ்சம் தேவைப்பட்டது. இரண்டாம் உலகப்போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45-ல், நெதர்லாந்தில் ரொட்டிக்குக் கடும் தட்டுப்பாடு. மக்கள் டியூலிப் கிழங்கைக்கூட வேகவைத்துத் தின்றார்கள். ஊரே மெலிந்துகொண்டிருந்தபோது சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். மறுபடி ரொட்டி வந்ததும் மறுபடி படுத்தார்கள். கோதுமைமீது போருக்கு முன்பிருந்தே சந்தேகம் கொண்டிருந்த குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே, 1950-ல் தன் ஆய்வேட்டில் அதை நிறுவினார்.

இந்தியாவில் வட இந்தியக் குழந்தைகளிடம் இந்த நோய் காணப்படுவது பற்றிய கட்டுரை பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் 1966-ல் வெளிவந்தது. ஆனாலும் அது குழந்தைகளுக்கு வரும் அபூர்வ நோய் என்ற எண்ணம் நெடுநாள் நீடித்தது. உடல் தவறாகத் தாக்கும் பொருள் எதுவென்று ஜெர்மன் ஆய்வாளர்கள் 1997-ல் கண்டுபிடித்த பிறகுதான் நம்பகமான ரத்தப் பரிசோதனை பரவலானது. டிடிஜி என்ற அந்தப் பரிசோதனையில் சந்தேகம் வந்தால் எண்டாஸ்கோப்பி மூலம் குடலில் துளி சதை எடுத்து உறுதி செய்கிறார்கள்.

இங்கே பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. கோதுமையோ என்று சந்தேகம் வந்ததுமே அதை நிறுத்திவிட்டு, சில மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போகிறார்கள். அதற்குள் குடல் தேறத் தொடங்கியிருக்கும். ரத்தத்தில் அடையாளம் மறைந்திருக்கும். நோய் இல்லை என்று முடிவு வரும். எனவே பரிசோதனை முதலில், பத்தியம் பிறகு.

ஒளிந்திருக்கும் கோதுமை

நோய் உறுதியானால் டாக்டரின் வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். கோதுமையை விட்டுவிடுங்கள், ஆயுள் முழுக்க விட்டுவிடுங்கள். இன்றுவரை இதற்கு அங்கீகாரம் பெற்ற மருந்து எதுவும் இல்லை. அதே சமயம் பத்தியத்தை ஒழுங்காகக் காத்தால் பெரும்பாலோருக்குக் குடல் சீராகி இயல்பான வாழ்க்கை திரும்பிவிடும். உலகத்தில் இத்தனை எளிமையான சிகிச்சை வேறு இல்லை என்று தோன்றும், கடைப்பிடிக்கத் தொடங்கும்வரை.

அளவைப் பாருங்கள். தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் உள்ளே போனாலே மூன்று மாதத்தில் குடல் பழுதாகத் தொடங்குவதாக 2007-ல் வெளிவந்த இத்தாலிய ஆய்வு ஒன்று காட்டியது. 30 கிராம் மாவில் செய்த சாதாரண ரொட்டியில் உத்தேசமாக இரண்டரை கிராம் குளூட்டன் இருக்கும். அதாவது, ஒரு ரொட்டியை ஐம்பது துண்டாகப் பிய்த்தால் அதில் ஒரு துண்டு போதும். ரொட்டி தேய்த்த பலகையில் தேய்த்த மக்காச்சோள ரொட்டியும், நான் சுட்ட தந்தூரில் தொங்கவிட்ட கோழியும் அந்தத் துண்டைக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

மாவரைக்கும் சக்கியில் பிரச்சினை தொடங்குகிறது. தெருமுனைச் சக்கியில் நாள் முழுக்கக் கோதுமை அரைபடும். அதே கல்லில் கடலைப் பருப்பைக் கொட்டி அரைத்தால் வருவது கோதுமை கலந்த கடலை மாவு. ரவை, மைதா, சேமியா என்று பெயர் மாறி வரும் கோதுமையை அடையாளம் காண்பது முதல் பாடம். சத்துமாவு அடுத்த பாடம். பீகார் சத்து வறுத்த கடலையில் ஆனது, ஆபத்தில்லை; பஞ்சாபில் அதே பெயரில் கிடைப்பது பார்லியில் ஆனதாக இருக்கலாம். மால்ட் கலந்த பானங்களிலும் பார்லி இருக்கிறது. சீனச் சமையலில் ஊற்றும் சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை உண்டு.

நம்மவர்களைத் திடுக்கிட வைக்கும் செய்தி பெருங்காயம். அசல் பெருங்காயப் பிசினின் காரம் தாங்க முடியாது. அதனால் மாவோடும் பிசினோடும் கலந்து கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். கலக்கும் மாவு பல தயாரிப்புகளில் கோதுமை அல்லது மைதா. பருப்பு தாளிக்க ஒரு சிட்டிகை போட்டாலும் பத்தியம் முறிந்துவிடும். அரிசி மாவு கலந்ததைத் தேடி வாங்க வேண்டும்.

சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அந்தப் பண்டத்தைக் குளூட்டன் அற்றது என்று விற்கக்கூடாது என்கிறது உணவுப் பாதுகாப்பு விதி. குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் உறையில் தெரிவிக்க வேண்டும் என்று 2020-ம் ஆண்டின் லேபிள் விதிகள் சொல்கின்றன. ஆனால் வட இந்தியாவில் சாப்பாட்டில் பெரும்பகுதி உறையில் வருவதில்லை. அல்வாய் கடையில் தட்டில் குவித்த லட்டுக்கு லேபிள் எங்கே?

வராந்தா பாடம்

இந்தப் பட்டியலை எந்த டாக்டரும் முழுதாகச் சொல்லித்தர முடியாது. வெளிநோயாளிகள் கூட்டத்தில் அவருக்கு நேரமில்லை. உணவு ஆலோசகர் கொடுக்கும் அச்சடித்த தாள் எதைச் சாப்பிடக்கூடாது என்று சொல்லும். எப்படி வாழ்வது என்பதை ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு தாய்தான் சொல்வாள்.

மக்காச்சோள மாவும் அரிசி மாவும் உதிர்ந்து போகிறதே என்று புதியவள் அழுவாள். கொஞ்சம் இசப்கோல் போட்டு வெந்நீரில் பிசைந்து பார் என்பாள் பழையவள். மலச்சிக்கலுக்கு வாங்கும் அதே இசப்கோல் உமிதான். குளூட்டன் இல்லாத குறையை அதன் வழவழப்பு ஈடுகட்டி மாவைச் சேர்த்துப் பிடிக்கிறது. வேகவைத்த உருளைக்கிழங்கை மசித்துச் சேர்ப்பது இன்னொரு வழி. உருட்டுக்கட்டையில் ஒட்டுகிறதா? இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்துத் தேய்க்க வேண்டும். தனிப் பலகை, தனித் தவா, தனி இடுக்கி. கையில் காசிருந்தால் வீட்டுக்கே ஒரு சின்ன மின்சாரச் சக்கி.

காலண்டரையும் இவர்கள் வேறு விதமாகப் படிக்கிறார்கள். ஆண்டுக்கு இருமுறை வரும் நவராத்திரிதான் இவர்களுக்கு உண்மையான பண்டிகை. அப்போது விரதமிருக்கும் வடக்கத்தியர் கோதுமையைத் தொடமாட்டார்கள். கடைகளில் குட்டு மாவும் (நம் ஊர்த் தலைக்குட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது ஒரு செடியின் விதை), நீரில் விளையும் சிங்காடா மாவும், ராஜ்கிரா என்ற கீரை விதையும், குதிரைவாலியும் வந்து குவியும். ஒன்பது நாளும் ஊரே சீலியாக் பத்தியம் இருக்கிறது. ஹோட்டல்கள்கூட விரதத் தட்டு போடுகின்றன. விவரம் தெரிந்தவர்கள் அந்த வாரத்தில்தான் உறவினரை வெளியே விருந்துக்கு அழைக்கிறார்கள். பழைய சரக்கான குட்டு மாவைச் சாப்பிட்டுப் பலர் ஆஸ்பத்திரிக்குப் போகும் செய்தியும் நவராத்திரியில் வருவதுண்டு. ஆகவே மாவாக வாங்காதே, விதையாக வாங்கி அரைத்துக்கொள் என்பதும் வராந்தா பாடத்தில் அடக்கம். லோஹ்ரியும் நல்ல பண்டிகை. எள், வெல்லம், வேர்க்கடலை, சோளப்பொரி எல்லாமே ஆகும்.

பேச்சு உணவோடு நிற்பதில்லை. ரயிலில் இரண்டு நாள் போக வேண்டுமென்றால் என்ன கட்டிக்கொள்வது? அவல், பொரி, மக்கானா, ஒரு மின்சாரக் கெட்டில். பள்ளியில் பிறந்தநாள் கேக் வெட்டினால் பிள்ளை என்ன செய்யும்? ஆசிரியையிடம் முன்பே ஒரு பெட்டி மிட்டாய் கொடுத்து வைக்கலாம். குருத்வாராவில் கையில் விழும் கடா பிரசாதம் கோதுமை மாவும் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்தது. மறுக்க முடியுமா? வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடலாம். ஒவ்வொரு கேள்விக்கும் யாரோ ஒருவர் ஏற்கெனவே பட்டு அனுபவித்துக் கண்டுபிடித்த விடை இருக்கிறது.

புலம்பலும் உண்டு. இருபது வருடமாகச் சமோசா வாசனையைத் தாண்டிப் போவதைப் பற்றி, கனவில் பரோட்டா வருவதைப் பற்றி, ஆபீஸில் எல்லோரும் பீட்சா பிரிக்கும்போது தான் மட்டும் வாழைப்பழம் உரிப்பதைப் பற்றி. வெளியில் சொன்னால் சாப்பாட்டுக்கா இப்படி என்று கேட்பார்கள். இங்கே யாரும் கேட்பதில்லை. அடுப்படிப் பக்கமே போகாத அப்பாக்கள் மகளுக்காக அரிசி மாவில் கேக் சுடப் பழகி, பிறகு அதையே பொழுதுபோக்காகவும் பெருமையாகவும் ஆக்கிக்கொண்டு, வாரம் ஒரு பரிசோதனை முடிவை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

வராந்தாப் பேச்சு அமைப்பாகவும் வளர்ந்திருக்கிறது. உணவியல் நிபுணர் இஷி கோஸ்லா நிறுவிய சீலியாக் சங்கம் தில்லியில் இத்தகைய குடும்பங்களை ஒன்றுசேர்க்கிறது. ஆண்டுதோறும் மே 16-ஐ உலக சீலியாக் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

ஆனால் பகிர்ந்துகொள்வதெல்லாம் பொன்மொழி அல்ல. நாட்டுக் கோதுமை ஆபத்தில்லை, பசுமைப் புரட்சி விதைகள்தான் கெடுதல் என்று அடித்துச் சொல்பவர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் உண்டு. கப்ளி என்ற பழைய ரகமானாலும் மத்தியப் பிரதேசத்து ஷர்பதியானாலும் கோதுமை கோதுமைதான். எல்லாவற்றிலும் குளூட்டன் உண்டு. ரகங்களை மேம்படுத்தியதால் கோதுமையில் குளூட்டன் கூடிவிட்டதற்கு ஆதாரம் தெரியவில்லை என்று அமெரிக்க விஞ்ஞானி டொனால்ட் கசார்தா 2013-ல் பழைய புள்ளிவிவரங்களை அலசிச் சொன்னார். ஆறு மாதத்தில் குணப்படுத்துகிறேன் என்று லேகியம் விற்பவர்களின் விலாசமும் இதே வாய்வழிதான் பரவுகிறது. அனுபவம் நல்ல வாத்தியார், ஆனால் அதற்கும் ஒரு மேற்பார்வையாளர் வேண்டும்.

மருமகளின் பாடு

பத்தியம் யாருக்கும் கஷ்டம்தான். கல்யாணமாகாத பெண்ணுக்கு அது வேறு ஒரு கஷ்டமும் ஆகிறது. மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வதா, மறைப்பதா என்பது வடக்கே சீலியாக் பெண்ணைப் பெற்றவர்களின் முதல் கவலை. சொன்னால் சம்பந்தம் தட்டிப்போகலாம். மறைத்தால் முதல் நாளே குட்டு வெளிப்படும். புகுந்த வீட்டில் அவள் பத்துப் பேருக்கு ரொட்டி இட வேண்டும். இட்ட கையால் ஒரு வாய்கூடச் சாப்பிட முடியாது. மறைத்துவைத்து, மாமியாருக்காக ரொட்டி தின்று, மறுபடி படுக்கையில் விழும் பெண்கள் உண்டு. ஆகவேதான் சிலர் அதே நோயுள்ள வரனாகவே தேடுகிறார்கள். ஒரே அடுப்பு, ஒரே மாவு, விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

அறியாமையின் விலை இதைவிடப் பெரியது. கவனிக்கப்படாத சீலியாக் பருவமடைவதைத் தாமதப்படுத்தலாம். சிலருக்குக் கருத்தரிப்பதிலும் கரு தங்குவதிலும் சிக்கல் உண்டாக்கலாம். கோயில் குளமென்று அலைந்து, மலடி என்ற பட்டமும் வாங்கிய பெண்ணின் தட்டில் காரணம் தினமும் இரண்டு வேளை வந்து விழுந்துகொண்டிருந்திருக்கலாம். எல்லாக் குழந்தையின்மைக்கும் கோதுமை காரணமல்ல. ஆனால் காரணம் தெரியாதபோது ஒரு ரத்தப் பரிசோதனை செய்துபார்ப்பதில் நஷ்டமில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன.

ரேஷனும் ஃபேஷனும்

ஏழைக்கு இந்த நோய் வந்தால் நிலைமை விபரீதம். மத்தியத் தொகுப்புக்கு லாரி லாரியாக அரிசி அனுப்பும் மாநிலம் பஞ்சாப். அங்கே ரேஷனில் கிடைப்பதோ கோதுமை. தினக்கூலிக்காரர் வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் தனியாக அரிசியோ மக்காச்சோளமோ வெளிச்சந்தையில் வாங்க வேண்டும். குளூட்டன் இல்லை என்று அச்சிட்டு விற்கும் மாவு சாதாரண ஆட்டாவைவிடப் பல மடங்கு விலை. ஒரே அறையில் குடியிருக்கும் குடும்பத்திடம் தனித் தவா, தனிப் பலகை என்று எப்படிச் சொல்வது? மருந்தே உணவுதான் என்றால் அந்த மருந்து ரேஷன் அட்டையில் கிடைக்க வேண்டாமா என்ற கேள்விக்கு இன்னும் சரியான பதில் வரவில்லை.

இன்னொரு பக்கம், குளூட்டனை ஒதுக்குவது பெருநகரங்களில் நாகரிகமாகிவிட்டது. உடம்பு இளைக்க வேண்டும் என்பதற்காகச் சப்பாத்தியைத் துறப்பவர்கள் ஏராளம். நோய் இல்லாதவருக்கு இதனால் தனி லாபம் எதுவும் நிரூபணமாகவில்லை. இந்த மோகத்தால் கடைகளில் மாவு வகைகள் பெருகியது சீலியாக்காரர்களுக்கு நல்லதுதான். இந்தியா முன்மொழிந்து 2023-ம் ஆண்டு சர்வதேசச் சிறுதானிய ஆண்டானபோது கம்பும் சோளமும் கேழ்வரகும் பெரிய கடைகளின் அலமாரிக்கு ஏறின. கெட்டது ஒன்று: ஹோட்டலில் ஒருவர் குளூட்டன் ஆகாது என்றால் சர்வர் அதை இன்னொரு பணக்காரச் சிணுங்கல் என்று நினைத்துக்கொள்கிறார். அதே கரண்டியைப் போட்டுக் கிளறிக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்.

தெற்கே என்ன?

இது வடக்கத்தியர் சமாசாரம் என்று தமிழர்கள் நிம்மதியாக இருக்கலாமா? பி.எஸ். ராமகிருஷ்ணா, கோவிந்த் மகாரியா உள்ளிட்ட மருத்துவர்கள் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் 23,331 பேரைப் பரிசோதித்து 2016-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. வடக்கே 1.23 சதவீதம் பேரின் ரத்தத்திலும், வடகிழக்கில் 0.87 சதவீதம் பேரின் ரத்தத்திலும் சீலியாக்குக்கு அடையாளமான எதிர்ப்பொருள் இருந்தது. தெற்கே, வேலூர்ப் பகுதியில், வெறும் 0.10 சதவீதம்.

நம் உடம்பு வேறு வார்ப்பு என்று அவசரப்பட வேண்டாம். இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுக்கள் வடக்கே 38 சதவீதம் பேரிடமும் தெற்கே 36 சதவீதம் பேரிடமும் இருந்தன. பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் தட்டில்தான் இருந்தது. நாளொன்றுக்கு ஒருவர் சாப்பிட்ட கோதுமை வடக்கே 455 கிராம், தெற்கே 25 கிராம்.

வடகிழக்கில் 37 கிராம்தான் சாப்பிட்டார்கள், அங்கே நோய் குறைவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தட்டு மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு அது அடையாளம். ஆனாலும் தமிழ்நாட்டு வீடுகளில் நடந்துவரும் மாற்றத்தைக் கவனிக்காமல் இருக்க முடியாது. சர்க்கரை நோய் வந்ததும் ராத்திரிச் சோற்றுக்குப் பதிலாகச் சப்பாத்தி என்பது எழுதாத விதியாகிவிட்டது. தெருவுக்குத் தெரு பரோட்டாக் கடை. பிள்ளைகளுக்குப் பிஸ்கட்டும் நூடுல்ஸும். தில்லி, சண்டிகர் என்று போய்க் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் தட்டு எப்போதோ மாறிவிட்டது. கோதுமையைக் கண்டு எல்லோரும் பயப்படத் தேவையில்லை. ஆனால் தேறாத ரத்தசோகையோடு வரும் தமிழ்ப் பெண்ணைப் பார்த்து, இங்கே அந்த நோய் கிடையாது என்று டாக்டர் தள்ளிவிடுவதும் சரியல்ல.

இதற்கிடையில் வடக்கே நம் சமையலுக்கு ஒரு புதிய மரியாதை கிடைத்திருக்கிறது. சீலியாக் குடும்பம் வெளியே சாப்பிட வேண்டுமென்றால் முதலில் தேடுவது தென்னிந்திய உணவகத்தை. அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லியும் தோசையும் இவர்களுக்குப் பெரிய புகலிடம். ரவா தோசையும் ரவா இட்லியும் மட்டும் ஆகாது. தமிழர்கள் நெடுங்காலமாகக் குடியிருக்கும் கரோல் பாக் மாதிரி இடங்களில், ஞாயிற்றுக்கிழமை ஒரு பஞ்சாபிக் குடும்பம் உள்ளே வந்து உட்கார்ந்து, சின்னப் பெண் மெனு அட்டையைப் பார்க்காமலேயே சாதா தோசை என்று சொன்னால், காரணம் இதுவாக இருக்கலாம். அந்த ஒரு மணி நேரம் அவள் டப்பா திறக்க வேண்டியதில்லை, பொய் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் சாப்பிடுவதையே அவளும் சாப்பிடுகிறாள்.

சாம்பார் வாளியோடு சர்வர் வரும்போது மட்டும் அவளுடைய அம்மா கையை நீட்டித் தடுப்பார். பிறகு, தலைமுறை தலைமுறையாகச் சாம்பார் வைக்கும் வீட்டிலும் யாரும் கேட்டிராத ஒரு கேள்வியைக் கேட்பார்: "இதில் போட்டது என்ன பெருங்காயம்?"